அரை செகண்டுகூட இல்ல

பையில என்ன சார், ஒயரா? வீடு கட்டுறீங்களா? காட்டுங்க பார்ப்போம். தப்பா நினைக்காதீங்க, நமக்கு இதுதான் வேலை. ரெண்டரை ஸ்கொயர் கனம். சரி. எலக்ட்ரீஷியன் எழுதிக் கொடுத்தாரா? எழுதுறதுக்கு முன்னாடி என்ன கேட்டார்? எத்தனை ஃபேன், எத்தனை ஏசி, மோட்டார் உண்டா, அதானே? நானும் அதைத்தான் கேட்பேன். இருபத்தாறு வருஷமா அதைத்தான் கேட்டேன். லோடு என்ன, அதுக்கு எந்த கேபிள். முடிஞ்சது. இதுக்கு மேல ஒரு கேள்வி இருக்குன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லிக் கொடுக்கல.

மதுரைக்குத்தான் சார், நீங்களும் மதுரையா? நல்லதாப் போச்சு.

நான் ராஜபாளையம் பக்கம் ஒரு நூல் மில்லுல எலக்ட்ரிகல் ஃபோர்மேன். கோமதிநாயகம்னு பேரு. அந்த மில்லுல எந்த கேபிள் எந்தப் பள்ளத்துல ஓடுதுன்னு கண்ணைக் கட்டிவிட்டாலும் நடந்துபோய்க் காட்டுவேன். எல்லாம் நான் பதிச்சது. கேபிள் சரியா இருக்கான்னு பார்க்க நான் மீட்டர் எடுக்க மாட்டேன், உள்ளங்கையை வச்சுப் பார்ப்பேன். சில்லுன்னு இருந்தா நல்லா இருக்கு. வெதுவெதுன்னா லோடு கூடுது. சுட்டா மாத்தணும். இருபத்தாறு வருஷத்துல இந்தக் கை ஒரு தடவை தப்பு சொன்னதில்ல.

போன வருஷம் மில்லைப் பெருசாக்கினாங்க. பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஐநூறு கேவிஏ, அதைக் கழட்டிட்டு ஆயிரத்து இருநூத்தம்பது வச்சாங்க. அந்த வேலைக்கு டிசைன் பண்ண கோயம்புத்தூர்ல இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு. ஜெசிந்தா. நாகர்கோவில்காரப் பொண்ணு. முப்பது வயசுகூட இருக்காது. வந்த உடனே என்கிட்ட வந்து, "அண்ணா, உங்ககிட்ட இருந்துதான் நான் ஆரம்பிக்கணும், எல்லா கேபிளும் உங்களுக்குத்தான் தெரியும்னு சொன்னாங்க"ன்னுச்சு. மரியாதையான பொண்ணுதான். அதை நான் மறுக்கல.

ரெண்டு நாள் கூடவே நடந்துச்சு. ஒரு நோட்டுல எழுதிக்கிட்டே வந்துச்சு. கார்டிங் பக்கம் போற கேபிள்கிட்ட வந்ததும் நின்னுருச்சு. கார்டிங்னா பஞ்சைச் சீவுற மெஷின் சார், எட்டு மெஷின். அதோட ஒரு கம்ப்ரஸரும் அந்த கேபிள்லதான் ஓடுது. தொண்ணூத்தஞ்சு ஸ்கொயர், அலுமினியம்.

"இதை மாத்தணும் அண்ணா. இருநூத்தி நாப்பது போடணும்"ன்னுச்சு.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "மேடம், லோடு கூடவே இல்லையே. அதே எட்டு மெஷின், அதே கம்ப்ரஸர். கையை வச்சுப் பாருங்க, சில்லுன்னு இருக்கு"ன்னேன்.

அந்தப் பொண்ணு கையை வச்சுப் பார்த்துச்சு. "ஆமா, சில்லுன்னுதான் இருக்கு. தினமும் ஓடுறதுக்கு இது போதும். ஆனா ஒருநாள் ஷார்ட் ஆகும்ல, அன்னைக்கு?"ன்னுச்சு.

"ஷார்ட் ஆனா பிரேக்கர் விழுந்துரும்"னேன்.

"விழும். விழுறதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். அது வரைக்கும் கேபிள் தாங்கணும்."

அப்புறம் ஒரு உதாரணம் சொல்லுச்சு. வீட்டு மாடி டேங்க்ல இருந்து வர்ற குழாய் உடைஞ்சா வீடு நனையும். அதே குழாய் கண்மாய் மடையில மாட்டியிருந்து உடைஞ்சா? குழாய் அதே குழாய், பின்னாடி நிக்கிற தண்ணி வேற. புது டிரான்ஸ்ஃபார்மர் வந்ததுல இருந்து கேபிளுக்குப் பின்னாடி கண்மாய் நிக்குதாம். பிரேக்கரெல்லாம் இருக்கிற பேனல் ரூம் பக்கத்துல ஷார்ட் ஆனா முப்பதாயிரம் ஆம்பியர் பாயுமாம். இந்த கேபிள் அதை ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்குகூட முழுசாத் தாங்காதாம்.

எனக்கு விளங்காம இல்ல சார். விளங்குச்சு. ஆனா பத்துல ஒரு பங்கு செகண்டுன்னு ஒருத்தர் சொன்னா நீங்க என்ன நினைப்பீங்க? கண் சிமிட்டுறதுக்கு அதைவிட நேரமாகும். இதை ஒரு ஆபத்துன்னு எப்படி எடுத்துக்கிறது?

மேனேஜர் மாட்டேன்னுட்டார். அந்த கேபிளை எடுக்கணும்னா பள்ளத்துக்கு மேல இருக்கிற மூணு மெஷினைத் தூக்கணும், நாலு நாள் கார்டிங் நிக்கும். தீபாவளி ஆர்டர் போயிக்கிட்டு இருந்துச்சு. "பொங்கலுக்கு மில்லு லீவு விடுவோம்ல, அப்ப மாத்திக்கலாம்"னார். அந்தப் பொண்ணு ஒரு மணி நேரம் வாதாடிப் பார்த்துச்சு. கடைசியில, "அப்ப கேபிள் மாத்துற வரைக்கும் பிரேக்கர் தாமதமே இல்லாம விழணும். வேற வழியில்ல"ன்னு சொல்லிட்டு பேனல் ரூமுக்கு வந்துச்சு.

பிரேக்கர் முகத்துல சின்னச் சின்னதா திருகு இருக்கும் சார். ஷார்ட் ஆனா உடனே விழணுமா, கொஞ்சம் பொறுத்து விழணுமான்னு அதுல வைக்கலாம். அதிகபட்சமா பொறுத்தாலும் புள்ளி நாலு செகண்டு. அரை செகண்டுகூட இல்ல. அந்தப் பொண்ணு எதையும் பொறுக்காதேன்னு வச்சுது. வச்சுட்டு பேனல் கதவுல ஒரு பேப்பர் ஒட்டுச்சு. "இந்த அமைப்பை மாற்றக்கூடாது. மாற்றினால் கேபிள் தீப்பிடிக்கும்." தமிழ்ல. மத்த எல்லாக் கதவுலயும் இங்கிலீஷ்லதான் இருக்கும், இது மட்டும் தமிழ்ல. எனக்கு இங்கிலீஷ் வராதுன்னு நினைச்சிருக்கும் போல. அது எனக்கு உறுத்துச்சு. சொல்லிக்கல.

அந்தப் பொண்ணு ஊருக்குப் போன மூணாம் நாள் ஆரம்பிச்சது. கம்ப்ரஸர் கிளம்புறப்ப ஒரு இழுப்பு இழுக்கும். அந்த இழுப்புக்கே பிரேக்கர் விழுந்துரும். விழுந்தா எட்டு மெஷினும் நிக்கும். இழையெல்லாம் அறுந்துபோகும், மெஷின்ல வேலை பார்க்கிற பிள்ளைங்க ஒவ்வொண்ணா எடுத்து ஒட்டணும், திரும்ப ஓட முக்கால் மணி நேரம். ஒரே வாரத்துல அஞ்சு தடவை. மேனேஜர் அத்தனை பேர் மத்தியில என்னைப் பார்த்து, "என்ன கோமதிநாயகம், ஒரு பிரேக்கரை நிக்கவைக்கத் தெரியலையா?"ன்னார். அத்தனை பிள்ளைங்களும் பார்க்குது. எனக்கு எப்படி இருக்கும்?

கோயம்புத்தூருக்கு போன் பண்ணினேன். "அண்ணா, தொட்டுராதீங்க. கம்ப்ரஸருக்கு வேற ஸ்டார்ட்டர் கொண்டுவர்றேன், மெதுவாக் கிளம்பும், இழுப்பு இருக்காது. வியாழக்கிழமை வந்துருவேன். அதுவரைக்கும் கம்ப்ரஸரை முதல்ல போட்டுட்டு அப்புறம் மெஷினைப் போடுங்க"ன்னுச்சு. அன்னைக்குத் திங்கக்கிழமை. நாலு நாள். அந்த நாலு நாளும் பேச்சு வாங்குறது யாரு? அந்தப் பொண்ணா?

காலையில பத்து மணி இருக்கும். குருவையாவைக் கூட்டிக்கிட்டு பேனல் ரூமுக்குப் போனேன். குருவையா என் ஹெல்ப்பர். ஹெல்ப்பர்னா சின்னப் பையன் இல்ல, நாப்பத்திமூணு வயசு ஆளு. என்கிட்ட பதினாறு வருஷமா இருக்கான். அவன் டார்ச் அடிச்சான், நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். அவன் அந்தப் பேப்பரை எழுத்துக் கூட்டி வாசிச்சான். "அண்ணாச்சி, மாத்தக்கூடாதுன்னுல்ல போட்டிருக்கு?"

"போட்டவங்க கோயம்புத்தூர்ல இருக்காங்க. மேனேஜர் இங்க இருக்கார். லைட்டை ஒழுங்காக் காட்டு"ன்னேன்.

திருப்பினேன். உடனே விழுறதை எடுத்துவிட்டு, புள்ளி நாலுக்கு வச்சேன். ஒரு திருகு சார், கால் சுத்துகூட இல்ல. அன்னைக்கு அப்புறம் பிரேக்கர் விழவே இல்ல. மேனேஜர் கூப்பிட்டு, "இதைத்தானே முன்னாடியே செஞ்சிருக்கணும்"னார்.

வியாழக்கிழமை அந்தப் பொண்ணு வந்துச்சு. சொன்னபடி ஸ்டார்ட்டர் கொண்டுவந்து, நின்னு மாட்டவச்சுது. கிளம்புறப்ப என்கிட்ட, "அண்ணா, பிரேக்கரைத் தொடலையே?"ன்னு கேட்டுச்சு.

"இல்ல மேடம்"னேன்.

அப்ப ஒரு நாலஞ்சு பேர் சுத்தி நின்னாங்க சார். அத்தனை பேர் முன்னாடி என்ன சொல்றது? ஞாயித்துக்கிழமை ஷட்டவுன், அன்னைக்குப் பழையபடி வச்சுரலாம்னுதான் இருந்தேன். அந்த ஞாயித்துக்கிழமை ஒரு பம்ப் வேலை வந்துருச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை சொந்தத்துல ஒரு காதுகுத்து. அப்புறம் மில்லும் நல்லா ஓடுது, பிரேக்கர் ஒரு தடவைகூட விழல, ஒரு பேச்சு இல்ல. நல்லா ஓடுறதைப் போய் எதுக்குத் தொடணும்னு ஆகிப்போச்சு. இது நீங்களாயிருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பீங்க.

அந்தப் பொண்ணு அன்னைக்குக் கதவைத் திறந்து ஒரு பார்வை பார்த்திருக்கலாம்ல? பார்க்கல. நான் சொன்னதை நம்பிட்டுப் போயிருச்சு. டிசைன் பண்றவங்க நம்பலாமா சார்?

ஐப்பசியில நல்ல மழை. பள்ளத்துல தண்ணி கசியும், எப்பவும் கசியுறதுதான். பேனல் ரூமுக்கு வெளியே நாலடி தள்ளி அந்த கேபிள்ல ஒரு ஜாயிண்ட் இருக்கு. நான் போட்டது. நல்ல ஜாயிண்ட், பதினோரு வருஷம் நின்ன ஜாயிண்ட். அதுல ஈரம் இறங்கியிருக்கு. சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, பதினொன்னே முக்கால் இருக்கும், ஒரு சத்தம். வெடி மாதிரி இல்ல. பெரிய இரும்புத் தகட்டை மேல இருந்து போட்ட மாதிரி ஒரே ஒரு அடி. லைட்டெல்லாம் ஒருதரம் மங்கி எரிஞ்சது. பிரேக்கர் விழுந்துச்சு. விழாம இல்ல. புள்ளி நாலு செகண்டுல சரியா விழுந்துச்சு.

அந்தப் புள்ளி நாலு செகண்டுல என்ன ஆச்சுன்னா, பேனல்ல இருந்து ஜாயிண்ட் வரைக்கும் உள்ள கேபிள் பூரா உள்ளுக்குள்ள உருகிருச்சு. அலுமினியமே உருகி வழிஞ்சிருக்கு. பக்கத்துல ஓடுன நாலு கேபிளும் தோலோட தீப்பிடிச்சுக்கிச்சு. பள்ளத்துக்குள்ள பூரா பஞ்சுத் தூசி சார். எவ்வளவு கூட்டினாலும் போகாது. தீ அந்தத் தூசியைப் பிடிச்சுக்கிட்டு கார்டிங் பக்கமா ஓடுது. மேல இரும்புத் தகடு மூடியிருக்கிறதால தீ தெரியாது. தகட்டு இடுக்குல புகை மட்டும் வரிசையா, ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா வந்துக்கிட்டே போகுது. அந்தக் கடைசியில நாப்பது பிள்ளைங்க வேலை பார்க்குது. அதுக்கு மேல பஞ்சு மூட்டை.

நான் பேனல் ரூம் வாசல்ல நின்னேன். மெயினை இறக்கணும், தெரியுது. கால் நகரல. கொஞ்ச நேரம்தான் சார். குருவையா என்னைத் தள்ளிட்டு உள்ள போயி மெயினை இறக்கினான். வெளியே ஓடிவந்தவன் புகைக்கு முன்னாடி ஓடினான். இன்னும் புகை வராத இடமாப் பார்த்து, தீ வந்து சேர்றதுக்குள்ள தகட்டைத் தூக்கி மணலைக் கொட்டி வழியை அடைக்கணும்னு அவனுக்குத் தோணியிருக்கு. நெம்புறதுக்குக் கம்பி தேட நேரமில்ல, கையை விட்டுத் தூக்கினான். முதல் தகடு லேசாத்தான் சுட்டிருக்கும். ரெண்டாவது தூக்குறப்ப தீ கீழேயே வந்துருச்சு. அவன் தகட்டை விடல. விட்டா மூடிக்கும்ல. வலது கையால தகட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே இடது கையால மணல் வாளியை இழுத்துக் கவிழ்த்தான். ஒண்ணு, ரெண்டு, மூணு வாளி. தீ அங்கேயே நின்னுருச்சு. ஒரு பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகல.

அவன் கையைத் தகட்டுல இருந்து எடுக்க நாங்க ரெண்டு பேர் வேண்டியிருந்துச்சு.

இருங்க சார், தண்ணி குடிச்சுக்கிறேன். டி.கல்லுப்பட்டி தாண்டிட்டோமா? சரி, இன்னும் நேரம் இருக்கு.

நாலாம் நாள் விசாரணைக்கு மதுரையில இருந்து ஒரு அதிகாரி வந்தார். ஜெசிந்தாவையும் வரச்சொல்லியிருந்தாங்க. கேபிள் சைஸ் பத்தாதுன்னு மேனேஜர் முதல்லயே சொல்லி வச்சுட்டார். குற்றம் டிசைன் மேலன்னு பேச்சு. அந்தப் பொண்ணு பேனல் ரூமுக்கு வந்துச்சு. நேராப் போயி கரி பிடிச்ச பிரேக்கர் முன்னாடி உக்காந்துச்சு. துப்பட்டா நுனியால அந்தத் திருகைத் துடைச்சுது. துடைச்சுட்டு அது எங்க நிக்குதுன்னு பார்த்துச்சு. அப்புறம் திரும்பி என்னைப் பார்த்துச்சு. திட்டல. திட்டியிருந்தா நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

"இது நான் வச்ச இடத்துல இல்ல சார்"னு அதிகாரிகிட்ட சொல்லுச்சு.

அவர் கேட்டார், "இந்த ரூம் சாவி யார்கிட்ட இருக்கும்?"

"என்கிட்ட ஒண்ணு இருக்கு சார். குருவையாகிட்ட ஒண்ணு இருக்கு"ன்னேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதுல ஒரு வார்த்தை பொய் உண்டா? அவன்கிட்ட சாவி இருந்துச்சு. மில்லுக்கே தெரியும். கேட்டதுக்குப் பதில் சொன்னேன்.

மறுநாள் அந்த அதிகாரி ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் போனேன். போகாம இருக்க முடியுமா, பதினாறு வருஷப் பழக்கம். கட்டில் பக்கத்துல நின்னேன். அவனுக்கு ரெண்டு கையும் கட்டு. அதிகாரி கேட்டார், "பிரேக்கர் செட்டிங்கை யார் மாத்தினதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" குருவையா அவரைப் பார்க்கல, என்னைப் பார்த்தான். நான் சும்மாதான் நின்னேன் சார். நான் ஒரு சைகை காட்டல, கண்ணைக்கூட அசைக்கல. அவனாத்தான் சொன்னான். "நான்தான் சார் திருப்பினேன். அடிக்கடி விழுதுன்னு திருப்பினேன்."

அதிகாரி எழுதிக்கிட்டுப் போயிட்டார். அவன் சம்சாரம் தலைமாட்டுல நின்னுக்கிட்டு இருந்துச்சு. என்கிட்ட, "அண்ணே, இவரு உங்களைக் கேக்காம ஒரு திருகாணியைத் தொடுவாரா?"ன்னுச்சு. நான் டாக்டரைப் பார்த்துட்டு வர்றேன்னு வெளியே போயிட்டேன். டாக்டரைப் பார்க்க வேண்டியது இருந்துச்சு. நிஜமாவே இருந்துச்சு.

அப்புறம் ஒருநாள் தனியா இருக்கும்போது கேட்டேன், ஏன்டா நீ அப்படிச் சொன்னேன்னு. "என் கை இனிமே ஸ்க்ரூ டிரைவர் பிடிக்காது அண்ணாச்சி. உங்களையும் அனுப்பிட்டா அந்த மில்லுல எந்த கேபிள் எங்க ஓடுதுன்னு யாருக்குத் தெரியும்? நாப்பது பிள்ளைங்க வேலை பார்க்குதுல்ல"ன்னான். யோசிச்சுப் பார்த்தா அதுவும் நியாயம்தானே சார்? அவன் நல்லா யோசிக்கிற ஆளு. மேனேஜரும் அவனைக் கேட்டுல வாட்ச்மேனா வச்சுக்கிறேன்னு சொல்லியிருக்கார். எழுதித் தரல. சொல்லியிருக்கார்.

அந்தப் பொண்ணு போன மாசம் போன் பண்ணுச்சு. அந்த கம்பெனியில இப்ப இல்லையாம். வேலையை விட்டுச்சா, விடச் சொன்னாங்களான்னு நான் கேட்கல. "கோமதிநாயகம் அண்ணா, அந்த வியாழக்கிழமை நான் கதவைத் திறந்து பார்த்திருக்கணும். உங்ககிட்ட கேட்டுட்டு அப்படியே போனது என் தப்பு"ன்னுச்சு. பார்த்தீங்களா, அதுவே ஒத்துக்கிச்சு. நான் சொல்லவேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு. ஆனா போனை வைக்காம கொஞ்ச நேரம் இருந்துச்சு. நான் ஏதாவது சொல்லுவேன்னு நினைச்சிருக்கும் போல. சிக்னல் சரியில்ல மேடம்னு வச்சுட்டேன்.

பொங்கல் லீவுல மெஷினைத் தூக்கி இருநூத்தி நாப்பது போட்டுட்டோம் சார். பெரிய கேபிள், மலைப்பாம்பு மாதிரி கிடக்கு. எனக்கு இப்ப எந்த கேபிளைப் பார்த்தாலும் இது எத்தனை செகண்டு தாங்கும்னுதான் முதல்ல தோணுது. தூங்கப் போறப்பவும் தோணுது. அந்தப் பொண்ணு வந்து என் நிம்மதியைக் கெடுத்துட்டுப் போயிருச்சு. அதுக்கு முன்னாடி நான் நல்லாத்தான் இருந்தேன்.

என்ன சார், அப்படிப் பார்க்குறீங்க? நான் தப்பு பண்ணலைன்னு சொல்லல. திருப்பினேன். ஆனா கேட்கிற இடத்துல கேட்டா சொல்லியிருப்பேன். யாரும் என்னைப் பார்த்து நேராக் கேட்கல. நீ திருப்பினியான்னு ஒருத்தர் கேட்கல.

அந்தப் பொண்ணு கேட்டுச்சு. ஆமா, அது கேட்டுச்சு. அது வேற.

திருமங்கலம் வந்துருச்சு. இன்னும் அரை மணி நேரம். அங்க முன்னாடி பாருங்க, டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு, ஜன்னலோரம், மடியில துண்டைப் போட்டு மூடியிருக்காருல்ல ஒருத்தர். அவன்தான் குருவையா. ரெண்டு பேர் சீட்டுல இடம் இருந்துச்சு, நான்தான் பின்னாடி வந்து உக்காந்துட்டேன். கொஞ்சம் காலை நீட்டட்டுமேன்னு. ஏறும்போது சொன்னான், "அண்ணாச்சி, அங்க ஆபீஸ்ல நீங்க வாயைத் திறக்காதீங்க. உங்களுக்குப் பொய் சொல்ல வராது"ன்னான்.

இன்னைக்கு அந்த அதிகாரி ஆபீஸ்ல, ஆஸ்பத்திரியில அவன் சொன்னதையெல்லாம் டைப் அடிச்சு வச்சிருப்பாங்களாம். வாசிச்சுக் காட்டுவாங்க, அவன் கீழ ஒப்பம் வைக்கணும். அவன் எட்டாவது வரைக்கும் படிச்சவன், பேரை அழகா எழுதுவான். இப்ப வலது கை விரல் மடங்காது, பேனா நிக்காது. இடது கைப் பெருவிரல்தான். அதுலயும் தோல் புதுசா வளர்ந்தது, எவ்வளவு அமுத்துறோம்னு அவனுக்கே தெரியலையாம். மையில தொட்டு, பேப்பர்ல வச்சு, பக்கத்துல ஒரு ஆள் பிடிச்சு அமுத்திக் கொடுக்கணும். அவன் சம்சாரம் வரமாட்டேன்னுருச்சு.

அதுக்குத்தான் நான் கூட வர்றேன்.